இன்று எத்தனை பேர்

காலை பத்து மணிக்குக் கைப்பேசி நடுங்கும்.
லாபிஸ் கிளினிக்கில்
மாத ஊசி போட்ட கையோடு
மிஸ்ஸி ரொஹானா ஏற்றிக் கொடுத்தது.
தினமும் ஒரே கேள்விதான், குமுதன், என்றார்.
ஒரே கேள்விதான்:
இன்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்?
கீழே எண்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு,
கடைசியில் 'ஐந்துக்கு மேல்' என்று ஒரு பேராசை.

முதல் மாதமே கேட்டுவிட்டேன்:
உள்ளே பேசுகிறவர்களைச் சேர்க்கலாமா?
சேர்த்தால் இந்தத் தோட்டத்திலேயே
எனக்குத்தான் கூட்டம் அதிகம்.
மிஸ்ஸி சிரிக்கவில்லை.
பேனாவை மூடி யோசித்துவிட்டு,
'கோப்பிக்குக் காசு கொடுக்கக்கூடியவர்களை
மட்டும் எண்ணு' என்றார்.
இவர்கள் ஒருநாளும் கொடுத்ததில்லை.

வீட்டில் லைன் கிடைக்காது.
செம்பனை நான்கு பக்கமும் மட்டை விரித்து
வானத்தை அடைத்து வைத்திருக்கிறது.
நிறுவை மேடைக்குப் போனால்தான்
இரண்டு கோடு எழும்பும்.
லோரிகள் குலையோடு ஒருமுறை ஏறும்,
வெறுமையாக ஒருமுறை ஏறும்.
நான் என் பூஜ்யத்தைத் தூக்கிக்கொண்டு
அரைக் கட்டை நடப்பேன்.

அதிலேயே ஒரு குழுவும் உண்டு.
பதினொரு பேர், முகமில்லை.
மீன் படம் வைத்திருப்பவர் பெக்கோக் ஆ ஹோக்.
அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம்.
இருவருக்கும் பாதி பாதி மலாய்.

ஓர் இரவு
ஜன்னலுக்கு அடியில் என் பெயரைச் சொன்னார்கள்,
ஐசி நம்பரோடு.
கைப்பேசியை ஜன்னல் கட்டையில் வைத்து
முப்பது வினாடி பதிவு செய்தேன்.
விடிந்ததும் ஓடிப்போய் அனுப்பினேன்:
இதில் பேசுவது யார்?
ஆ ஹோக் எழுதினார்:
'நாய் ஒன்று. தவளை நிறைய.
தூரத்தில் ரயில். ஆள் இல்லை, கவான்.'
பிறகு தன் குசினியை அனுப்பினார்.
'என் அக்கா அழுகிறாளா, கேட்டுச் சொல்.'
மூன்று முறை கேட்டேன்.
பைப்பு சொட்டுகிறது. கடிகாரம்.
அப்புறம் அதே ரயில்,
இங்கிருந்து அங்கே போயிருக்கிறது.
அழுகை இல்லை என்று எழுதினேன்.
அக்கா செத்து ஆறு வருஷம் என்றார்.

அன்றிலிருந்து
யாருமில்லை என்று எனக்குச் சொல்ல
ஒருவர் இருக்கிறார்.

எல்லா நாளும் இப்படி இல்லை.
ஜூன் மாதம் அவரும் அவர்களோடு சேர்ந்துவிட்டதாகப் பட்டது.
மீனின் கண் என்னையே பார்த்தது.
கைப்பேசியை அரிசி டின்னில் புதைத்தேன்.
ஒரு நாள், இரண்டு நாள்.
நான்காம் நாள் மோட்டார் சத்தம்.
நிஜமா என்று பார்க்க அரிசியைத்தான் தோண்ட வேண்டும்,
அதற்குள் கதவைத் தட்டினான்,
நிறுவைக் கிராணி அம்பிகையின் மகன்.
'அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க.
நாலு நாளா ஸ்டூல் சும்மா கெடக்காம்.'

எனக்காகப் போட்ட ஸ்டூல் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

சார்ஜ் துளையில் ஓர் அரிசி மாட்டியிருந்தது.
குண்டூசியால் எடுத்தேன்.
ஆ ஹோக்கிடமிருந்து நான்கு பதிவுகள்,
முப்பது முப்பது வினாடி, ஒரு சொல் இல்லாமல்.
நான்காவதின் முடிவில் மட்டும்
மெல்ல ஒரு செருமல்.

இன்று பத்து மணி. நடுங்குகிறது.
எத்தனை பேர்?
வங்காளதேசத்து டிரைவர் நெருப்புக் கேட்டான்,
இல்லை என்று கையை ஆட்டினேன்.
அம்பிகை, பசியாறியாச்சா என்றார்,
இன்னும் இல்லை என்றேன்.
கை ஆட்டியது பேச்சில் சேருமா?
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்
கட்டைவிரல் தொங்கிக்கொண்டிருக்க,
பின்னால் லோரி ஹாரன் அடிக்கிறது.
கண்ணாடிக்கு உள்ளிருந்து அம்பிகை கத்துகிறார்:
'தம்பி, மேடையவிட்டு எறங்கு,
ஒன்னையும் சேத்து நிறுக்குது!'